பித்தளைக் கம்பி

என் முதலாளி ராஜசேகரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெற்றிலை போட்டு முடித்ததும் விரலில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பைக் கை எட்டிய இடத்தில் தடவிவிடுவார். தூண், மேஜைக் கால், கதவு நிலை, ஒரு முறை என்னுடைய ஸ்டோர் நோட்டின் அட்டை. ஆவடி ராணுவ முகாமுக்கு மின்விசிறியும் மோட்டாரும் பழுது பார்த்துக் கொடுக்கும் எங்கள் தகரக் கொட்டகையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். பழைய துணியால் அதைத் துடைத்துவிட்டு அவருக்குக் கும்பிடு போடுவேன். ஸ்டோர் குமாஸ்தாவின் பிழைப்பு அப்படி.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவரைப் பற்றி அல்ல, சாராளைப் பற்றி. எங்கள் பட்டறையில் காயில், அதாவது மோட்டாருக்குள் வைக்கிற தாமிரக் கம்பிச் சுருள், சுற்றிய எட்டுப் பெண்களில் ஒருத்தி. ஊர் பருத்திப்பட்டு, ஏரிக்கரைப் பக்கம். அவளுடைய அப்பா பூந்தமல்லியில் வெள்ளைக்காரத் துரைகள் தூங்குவதற்காகப் பங்கா, கூரையில் தொங்கும் துணி விசிறி, இழுத்தவர். கை சோர்ந்துபோனால் மல்லாந்து படுத்து, கயிற்றைக் கால் கட்டை விரலில் கட்டிக்கொண்டு இழுப்பாராம். துரை வீட்டுக் கூரையில் மின்விசிறி மாட்டிய அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மாதிரி விசிறிக்குக் காயில் சுற்றித்தான் மகள் வயிறு வளர்த்தாள். இதைச் சொல்லி அவளே சிரிப்பாள். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனிடமிருந்து கடுதாசி இல்லை. செத்தானா, இன்னொருத்தியோடு இருக்கிறானா, யாருக்கும் தெரியாது. மகள் ஞானகுமாரி மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் தங்கிப் படித்தாள். சாராளின் சம்பளம் நின்றால் மறு மாதமே அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். இது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், முதலாளி உட்பட.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அவள் வேலைக்கு வந்தாள். எரிந்த மோட்டாரைப் பிரித்தால் எலி செத்த வாடையும் வார்னிஷ் வாடையும் சேர்ந்து வரும். ஆண்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் பீடி பற்றவைப்பார்கள். சாராள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை என்று மடியில் போட்டுக்கொண்டே சுற்றுவாள். மூவாயிரம் சுற்று என்றால் முப்பது கொட்டை. அவள் சுற்றிய காயில் ஒன்றுகூட முகாமிலிருந்து திரும்பி வந்ததாக என் நோட்டில் பதிவு கிடையாது. மற்ற ஏழு பேர் சுற்றித் திரும்பி வந்தவற்றுக்குத் தனிப் பக்கமே ஒதுக்கியிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. முகாம் காலியாக ஆரம்பித்தது, எங்கள் வேலையும் பாதிக்குப் பாதி குறைந்தது. தை முடிந்ததும் பெண்களில் ஒரே ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ளப் போவதாக முதலாளி சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. ஒருத்தி கத்தரிக்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி முறுக்கு சுட்டு வந்தாள், ஒருத்தி அடுத்தவளைப் பற்றிக் கோள் மூட்டினாள். அவர்களைச் சொல்ல எனக்கு என்ன வாய்? மழை வந்தால் முதலாளிக்குக் குடை பிடிக்க முதலில் ஓடியவன் நான்தான். சாராள் மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை. அவளிடம் கொண்டுவரவும் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த கிட்டார் வந்து சேர்ந்தது. முகாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் விட்டுவிட்டுப் போன சாமான். ஏலத்தில் மற்ற தட்டுமுட்டுகளோடு முதலாளி அதை எடுத்தார். கூடவே ஒரு பெட்டி, வானொலிப் பெட்டி மாதிரி, முன்பக்கம் துணி கட்டியது. கிட்டாரிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியில் சொருகினால் கரண்டில் பாட்டு வரும் என்று ஏலம் விட்டவன் சொல்லியிருந்தான். தை கடைசியில் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயராமன் பெங்களூரில் படிக்கும்போது கொஞ்சம் கிட்டார் பழகியவராம். இந்த ஜில்லாவிலேயே யாரும் பார்க்காத கரண்டு கிட்டாரை அவர் கையில் கொடுத்து, சம்பந்தி வீட்டார் வாய் பிளப்பதை இவர் பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

நேராகக் கொண்டுவந்து சாராளிடம் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதற்குள் வெள்ளைக்காரன் வெள்ளி கிள்ளி வைத்திருப்பான் என்று யாரோ சொன்னார்கள். முதலாளி பாக்குவெட்டியை நுழைத்து அதை நெம்பினார். உள்ளே இருந்தது காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய ஒரு காயிலும். பாக்குவெட்டி காயிலைக் குறுக்கே அறுத்துவிட்டது. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, விரலில் இருந்த சுண்ணாம்பைக் கிட்டாரின் முதுகில் தடவினார். பிறகுதான் சாராளைக் கூப்பிட்டார்.

"இன்னா சாராளு, இத்த பேச வெச்சுடு. கல்யாணத்துல இது பேசிச்சுன்னா அந்த ஒரு எடம் உன்னுதுதான். இல்லாங்காட்டி மத்தவளுங்களோட நீயும் ஊட்டுக்குப் போ."

அத்தனை மெல்லிய கம்பி என் ஸ்டோரில் கிடையாது. சாராளே யோசித்து, முகாமிலிருந்து உடைந்து வந்த ஹெட்போன்கள் இருக்கின்றனவா என்று கேட்டாள். ஒரு கூடை இருந்தது. அவற்றுக்குள்ளிருந்த கம்பியை ஒன்று விடாமல் அவிழ்த்து, ஒன்றோடு ஒன்று பற்றவைத்து நீளமாக்கினாள். மூச்சு பட்டால் அறுந்துவிடும். மதியச் சோற்று நேரத்திலும் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து பதினோரு நாள் சுற்றினாள். மடியில் கொட்டை ஐம்பதைத் தாண்டியது. அமெரிக்காவில் கரண்டின் வேகம் நம் ஊர்க் கரண்டில் பாதிதானாம், நம் கரண்டை நேராகக் கொடுத்தால் பெட்டி கருகிவிடும் என்று, வேகத்தைக் குறைக்க நடுவில் வைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மரும் தானே சுற்றிவிட்டாள். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அவள் வேலையை முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தாள். பூட்டைத் திறந்துவிட நான் போயிருந்தேன். எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. துருவேறியிருந்த ஆறு கம்பிகளையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி, கிட்டாரை மேஜைமேல் கிடத்தி எனக்கு விளக்கினாள். தலையில் ஆறு பிரடை, கம்பியை முறுக்கி ஏற்ற. கழுத்து நெடுக வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள், விரல் வைத்து அழுத்த. வயிற்றில் குதிரை, கம்பியைத் தூக்கிப் பிடிக்க. ஓரத்தில் இரண்டு திருகு, ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, மற்றது குரலைத் தடிப்பாக்க அல்லது கீச்சென்று ஆக்க. கடைசியாக ஒயர் சொருகும் துளை. சத்தமெல்லாம் மரத்தில் இருந்துதான் வருகிறது என்று நான் நினைத்திருந்தேன்.

"மரம் கத்தல அண்ணாத்தே," என்றாள். "கம்பி இரும்பு, அதுக்குக் கீய காந்தம் கீது. இரும்பு ஆடுனா காந்தத்தோட புடி ஆடுது. அந்த ஆட்டத்த காயிலு கரண்டா மாத்திடுது. அந்தத் துளியூண்டு கரண்ட எடுத்துகினுதான் பொட்டி கத்துது."

சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் கண்ணாடிக் குழல் வால்வுகள் மெல்லச் சிவந்தன. சுண்டு விரலால் ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது, கூரையில் இருந்த புறாக்கள் பறந்தோடின. அவளுக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றும் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதலாளி இதைக் கேட்டால் உன் இடம் உறுதி என்று சொன்னேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

முதலாளிக்குக் கேட்க நேரமில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கிற அவசரத்தில் மறுநாள் வந்து, கிட்டாரையும் பெட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேசுகிறதா என்று மட்டும் கேட்டார், பேசுகிறது என்றோம். கல்யாணத்தன்று பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சாராள் வரவேண்டும் என்றார்.

அவர் வீட்டில் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலாளியின் அக்காள் சாமுண்டீஸ்வரி அம்மாள் அந்த வீட்டு சாஸ்திரத்துக்கெல்லாம் அதிகாரி. கம்பிகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். விரலில் பழுப்பு ஒட்டியது. கல்யாண மேடையில் துருப்பிடித்த இரும்பா? இரும்பு சனீஸ்வரனுக்கு உரியது, மாப்பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் குடும்பம் விளங்குமா? அன்றே ஆள் அனுப்பி, வீணைக் கம்பி விற்கிற கடையிலிருந்து பித்தளைக் கம்பி வரவழைத்து ஆறையும் மாற்றிவிட்டார்கள். பழையது குப்பைக்குப் போனது. பித்தளை மங்களம், பார்க்கவும் தங்கம் மாதிரி இருக்கும். அதே வீட்டில் நகை இருந்தது இரும்புப் பெட்டியில், வடை வெந்தது இரும்புச் சட்டியில், பந்தல் நின்றது இரும்பு ஆணியில். இவற்றையெல்லாம் சனீஸ்வரன் கண்டுகொள்ள மாட்டார் போலும்.

கல்யாணம் பூந்தமல்லியில், கரண்ட் வந்திருந்த சில வீடுகளில் ஒன்றில். மாலை வரவேற்பு. சந்தனமும் வேர்வையும் ரோஜாத் தண்ணீரும் கலந்து பந்தலுக்குள் ஒரு புளித்த வாடை. தூண்களில் புதிதாக மூன்று சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தேன். சாராள் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் பெட்டி அருகே நின்றாள். அவளுக்கு உட்கார யாரும் பாய்கூடப் போடவில்லை. கிட்டார் பட்டுத்துணி போர்த்தி மேடையில் இருந்தது. மாப்பிள்ளை துணியை விலக்கினார், கூட்டம் ஆவென்றது.

சாராளின் முகம் மாறியது. கூட்டத்தின் ஓரமாக வந்து என்னைப் பிடித்தாள். கம்பியை மாற்றிவிட்டார்கள், இது பித்தளை, காந்தம் இதை இழுக்காது, பெட்டி கத்தாது, அவர் வாசிக்க ஆரம்பிக்கும் முன் போய் முதலாளியிடம் சொல்லுங்கள் என்றாள். முதலாளி எனக்குப் பத்தடி தூரத்தில், சம்பந்தியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அந்த நேரத்தில் போய் அவர் வீட்டுக் காரியத்தில் குற்றம் சொல்வதா? இரும்மா, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மாப்பிள்ளை வாசித்தார். பெட்டியிலிருந்து ம்ம்ம் என்ற முனகல் மட்டும் வந்தது. கிட்டாரின் சொந்தக் குரல், கொசு பாடுவதுபோல், முதல் வரிசையோடு நின்றுவிட்டது. திருகைத் திருகிப் பார்த்தார். முனகல் பெரிதானது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் சம்பந்தி வீட்டுப் பக்கமே சிரித்தது. முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. மேடைக்குப் பின்னால் போய் எல்லோர் காதிலும் விழும்படி சாராளைக் கேட்டார்:

"உள்ள கீற தாமிரத்த உருவி வித்துட்டியா?"

சாராள் கொண்டையில் கையை விட்டு ஒரு ஊசியை உருவினாள். மேடை ஏறிக் கிட்டாரில் கம்பிக்கு அடியில் இருந்த காந்தத்தில் ஊசியை வைத்தாள். ஊசி ஒட்டிக்கொண்டு நின்றது. எடுத்துப் பித்தளைக் கம்பியில் வைத்தாள், நிற்காமல் விழுந்தது. மறுபடி ஊசியை எடுத்து அதன் நுனியால் காந்தத்தை மெல்லத் தட்டினாள். பெட்டி டொக் டொக் என்று பந்தலே அதிரும்படிப் பேசியது. முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது.

"காயிலு உசிரோட கீது முதலாளி. மாத்துன கம்பிதான் தப்பு. இரும்புக் கம்பி கட்டுங்க, இப்பவே பேசும்."

பந்தலில் இருந்த இருநூறு பேரும் அந்த டொக் டொக்கைத் தங்கள் காதால் கேட்டார்கள். கேட்டவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள், ஒரு வக்கீல் இருந்தார். ஒருவர் வாயும் திறக்கவில்லை. சம்பந்தி மட்டும், கம்பியை மாற்றியது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சாமுண்டீஸ்வரி அம்மாளுக்கு முகம் செத்துப்போனது. உடனே, கண்டவள் தலையில் சொருகிய இரும்பைப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையில் கொண்டுவந்து வைத்தாளே என்று தலையில் அடித்துக்கொண்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு அவர்கள் எல்லோரையும் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அருவருப்பு யார் பக்கம் திரும்பும் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலாளிக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. தன் வீட்டு மடத்தனம் என்று சம்பந்தி முன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"திருவேங்கடம், நம்ம பட்டறையில இது பேசி நீ கேட்டியா?"

கேட்டேன். ஆறு கம்பியும் கேட்டேன், புறா பறந்ததும் பார்த்தேன். சாராள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கவலையே இல்லாமல், கணக்கு வாத்தியார் விடை சொல்லக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. முதலாளியும் பார்த்தார். தைக்கு அப்புறம் குமாஸ்தா வேலையும் இருக்குமோ இருக்காதோ என்று அவர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

"நான் கேக்கல முதலாளி."

அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. எல்லோருக்கும் நிம்மதி. திருட்டுக் கழுதை என்று யாரோ சொன்னார்கள். சாராள் ஊசியைத் திரும்பக் கொண்டையில் சொருகிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினாள். என்னைக் கடந்து போகும்போது நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன், உண்மையில் அதை எதிர்பார்த்தேன்.

"சாப்புட்டுப் போ அண்ணாத்தே," என்றாள். "பந்திக்கு நேரமாச்சு."

சாப்பிட்டேன். முதல் பந்தியிலேயே இடம் கிடைத்தது. முதலாளியே எதிரில் வந்து நின்று, திருவேங்கடத்துக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொன்னார். அதையும் குடித்தேன்.

திங்கட்கிழமை நிறுத்தப்பட்டவர்கள் பட்டியலை என் கையாலேயே எழுதினேன். சாராளின் பெயருக்கு எதிரே "கையாடல்" என்று எழுதச் சொன்னார், எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் வேறு எந்தப் பட்டறையிலும் சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு இடம் முறுக்கு சுட்டு வந்தவளுக்குப் போனது. ஞானகுமாரி போர்டிங்கை விட்டு வந்துவிட்டாள். தாயும் மகளும் இப்போது நசரத்பேட்டைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதிக்கிறார்கள். பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஒரு முறை பார்த்தேன். முழங்கால்வரை சேறு. பஸ் நிற்கவில்லை, நின்றிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அந்த கிட்டாரை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். அது முதலாளி வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பித்தளைக் கம்பிகளைச் சாமுண்டீஸ்வரி அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். யாராவது பெரிய மனிதர் வந்தால் முதலாளி எனக்கு ஆள் அனுப்புவார். அதைப் பற்றி விளக்கிச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் போய் பிரடை, மெட்டு, குதிரை, காந்தம், காயில் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாராள் சொல்லிக் கொடுத்ததுதான். வந்தவர் தவறாமல் கேட்பார், பிறகு ஏன் இது பேசுவதில்லை என்று. முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே என் முகத்தைப் பார்ப்பார்.

பட்டறையில் சாராள் என்று ஒருத்தி இருந்தாள், உள்ளே இருந்த கம்பியைத் திருடி விற்றுவிட்டாள் என்று சொல்வேன். போன வாரமும் சொன்னேன்.